தலைவர் இல்லாத நாளிலும் ஓடுகிற ஊராட்சி

வேளச்சேரி, சென்னை-42
அக்டோபர் 2025

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும், இன்னும் முகம்கூடப் பார்க்காத அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போதுதான் படுத்துகிறது. நான் வேலை பார்த்த மாநகராட்சிப் பள்ளிக்கு இப்போதும் அவ்வப்போது போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிட்டு வருகிறேன்.

சரி, நீ கடைசிப் பக்கத்தில் கேட்டதற்கு வருகிறேன். ஜனவரியில் ஊராட்சித் தலைவராக உன் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சி அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போய்விட்டது, இருந்தும் தெற்குத் தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள், மறுபடி தேர்தல் வந்தால் நிற்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். நில் என்பதுதான் என் பதில். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பெண் தலைவர் தானே நாற்காலியில் உட்கார்ந்து, தானே கணக்குப் பார்த்து, ஐந்து வருஷம் ஊராட்சியை நடத்தியதைப் பார்த்தவள் நான். உன் வீட்டுக்காரரும் ஒரு நாள்கூட அந்த அறைக்குள் வந்து பேசியதில்லை. அது உங்கள் ஊர்ப் பெண்களுக்கு என்ன செய்திருக்கிறது என்று உனக்கே முழுசாகத் தெரியாது.

ஆனால் நிற்பதற்கு முன்னால் ஒன்று யோசிக்கச் சொல்வேன். நல்ல தலைவர் இருக்கும்போது ஊர் நன்றாக இருப்பதில் ஆச்சரியமில்லை. அவர் இல்லாதபோதும் தண்ணீர் வருகிறதா, குப்பை போகிறதா என்பதை வைத்துத்தான் அவர் வேலையை அளக்க முடியும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நம் இரண்டு பேருக்குமே அந்தக் காலி நாற்காலிக் காலம் தெரியும். 2016 அக்டோபரில் கவுன்சில் கலைந்த பிறகு 2022 வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. 1688இல் தொடங்கிய மாநகராட்சி, நாட்டிலேயே பழையது, ஐந்து வருஷத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதி இல்லாமல் ஓடியது. உங்கள் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் எந்த ஊராட்சியிலும் தலைவர் இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து கிடக்க, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நீங்கள் நின்றதை நீ போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகுதானே நீ தேர்தலுக்கு நின்றாய்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, இடுப்பளவு தண்ணீர். படகு வந்துவிட்டது. யார் வீட்டுக்கு முதலில் போவது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் பகுதிக்கு வரும் சுகாதார நர்ஸ் பெண் ஒருத்தி பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தாள். நிறைமாதக் கர்ப்பிணிகள், டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், தனியாக இருக்கும் வயசானவர்கள், எல்லோரும் தெரு வாரியாக அதில் இருந்தார்கள். எத்தனையாவது மாடி என்பதுகூட இருந்தது. படகு அந்த நோட்டைப் பார்த்துத்தான் போனது. அவள் வேறு பகுதிக்கு மாற்றலாகிப் போயிருந்தால் அந்த நோட்டும் கூடவே போயிருக்கும். பிறகு நடந்த பகுதி சபையில், உங்கள் கிராம சபை மாதிரி எங்கள் பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில், ஒருவர் எழுந்து இதைச் சொன்னார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பட்டியலைப் புதுப்பித்து வார்டு அலுவலகத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும் என்று கேட்டோம். கவுன்சிலர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு, அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வார்டு குழுவும் பகுதி சபையும் வேண்டும் என்று இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை வருஷம் கேட்டார்கள் தெரியுமா? 2022இல்தான் அதற்கு விதிகள் வந்தன. கிராம சபை உங்களுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது, அதன் அருமை பட்டணத்துக்காரியான எனக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆபத்துக்கென்று தனியாக எழுப்பிய ஏற்பாட்டைவிட, தினமும் நடந்துகொண்டிருக்கும் ஏற்பாடுதான் ஆபத்தில் கைகொடுக்கிறது. அம்மா உணவகம் 2013இல் ஒரு ரூபாய் இட்லிக்காக ஆரம்பித்தது. 2015 வெள்ளத்திலும், 2020 ஊரடங்கிலும் அங்கே அடுப்பு எரிந்தது. தினமும் விடியற்காலையில் வந்து மாவை ஊற்றிப் பழகிய சுயஉதவிக் குழுப் பெண்கள் இருந்தார்கள், பாத்திரம் இருந்தது, அரிசி வரும் வழி இருந்தது. கூட்டம் பெருகினால் அளவைக் கூட்டினால் போதும் என்ற நிலை.

ஆனால் நல்ல யோசனை மட்டும் போதாது என்பதற்கும் இதே சென்னையில் கதை இருக்கிறது. 1920இல் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கினார்கள். பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று தீர்மானம். வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல் நின்றுபோனது, அந்தச் செலவை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை. பசியோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பார்த்தவள் என்பதால், அந்தப் பிள்ளைகள் மறுநாள் என்ன ஆனார்கள் என்று நினைத்தால் எனக்குத் தாங்காது. பணத்துக்கு ஊராட்சிக்கென்று சொந்தமாக ஒரு வழி இல்லையென்றால் எதுவும் நிற்காது.

அதனால்தான் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையை உனக்கு நினைவுபடுத்துகிறேன். சண்முகம் தலைவராக இருந்தபோது ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சிக்கே சொந்தமாக வாங்கினார்கள். 2006இல் அது ஓடத் தொடங்கியது, அவர் பதவிக்காலமும் அந்த வருஷமே முடிந்தது. ஊருக்குப் போக மிச்சமான மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்தார்கள். யார் தலைவராக வந்தாலும் காற்றாலை ஊராட்சியின் சொத்து.

உன்னிடமும் அப்படி ஒரு சொத்து இருக்கிறது. டேங்க் ஆப்பரேட்டர் பெரியவர் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது நீ அவர் கட்டிலருகே உட்கார்ந்து எழுதிய நோட்டைத்தான் சொல்கிறேன். மேட்டுத் தெருவுக்கு டேங்க் நிறைந்திருக்கும்போதே முதலில் திறக்க வேண்டும், பள்ளத்துத் தெருவுக்குக் கடைசியில் விட்டாலும் ஏறும், கோயில் பக்கத்து வால்வை ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திருகினால் பைப் பிய்த்துக்கொள்ளும் என்றெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாயே. அது உன் பீரோவில் இருக்கக் கூடாது. பிரதி எடுத்து ஊராட்சிச் செயலரிடம் ஒன்று, மோட்டார் ரூமில் ஒன்று, தனி அலுவலருக்கு ஒன்று கொடு. தெருவிளக்கு, தூய்மைக் காவலர் முறை, கண்மாய் மடை எல்லாவற்றுக்கும் அதே மாதிரி எழுது. அடுத்த கிராம சபையில் ஓர் ஊர்க்காரியாக எழுந்து, இவற்றைப் பதிவில் வைக்க வேண்டும் என்று தீர்மானம் கேள். பதவி இல்லாமலே செய்யக்கூடிய வேலை இது.

அந்த வார்டு மெம்பர் பெண், நர்சிங் படித்தவள் என்றாயே, அவளையும் பக்கத்தில் உட்கார வை. நீ நிற்பதானாலும் அவள் நிற்பதானாலும் அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு முன்னால் இரண்டு பேருமாகச் சென்னைக்கு வாருங்கள். பூந்தமல்லி தாண்டிக் குத்தம்பாக்கம் கூட்டிப்போகிறேன். 1996இல் தலைவரான இளங்கோ காலத்தில் தலித் குடும்பமும் மற்றச் சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும்படி கட்டிய இரட்டை வீடுகளை நீ பார்க்க வேண்டும். கிரானைட் ஆலைக் கழிவுக் கல்லை வைத்துக் குறைந்த செலவில் கால்வாய் கட்டியதற்காக அவரை இடைநீக்கம் செய்தார்கள், ஊர் கிராம சபையில் கூடி அவர் பக்கம் நின்றது. அவர் கணக்கு வழக்கை மக்கள் முன்னால் வைத்தே பழகியிருந்தார், அதனால்தான் ஊருக்குச் சந்தேகம் வரவில்லை என்று நான் நினைக்கிறேன். அங்கே குடியிருக்கிறவர்களோடு அந்த மெம்பர் பெண்ணைப் பேச விட வேண்டும். எந்த ரயில், எத்தனை மணிக்கு எழும்பூர் வரும் என்று முன்னாடியே எழுது, பெரியவன் வந்து அழைத்துக்கொள்வான்.

அன்புடன்,
சாரதா