உத்தரவு ஒருவரிடமிருந்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்சாலைக் கிடங்கில் இருப்புக் கணக்கு எழுதுபவள் நான். "பேரிங் பெட்டிகளை உடனே அனுப்புங்கள்" என்கிறார் உற்பத்தி மேலாளர். தள்ளுவண்டியில் ஏற்றி முடிப்பதற்குள், "எண்ணிச் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போகக் கூடாது" என்கிறார் கணக்குப் பிரிவு மேலாளர். பெட்டிகள் மறுபடி அடுக்குக்கு ஏறுகின்றன. மாலையில் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வருகிறது. மனம் வலிக்கிறது.

ஒரு பணியாளர் ஒரே மேலாளரிடமிருந்துதான் உத்தரவு பெற வேண்டும் என்று பிரெஞ்சு சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல் 1916-லேயே எழுதிவிட்டார். அவருடைய 14 நிர்வாகக் கோட்பாடுகளில் இதையே உயிர்நாடி என்பேன். பயிற்சி வகுப்பிலும் இதைப் பாடமாக நடத்தினார்கள். கிடங்குக்குள் மட்டும் அது இன்னும் நுழையவில்லை.

பொருளை வெளியே அனுப்ப எழுதும் வழங்கல் சீட்டில் ஒரே ஒரு கையெழுத்துக் கட்டம் வேண்டும். அது யாருடையது என்பதை மேலாளர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்யட்டும்.

– கிடங்குப் பணியாளர் ஒருவர்