கட்டடக்கலை வரலாறும் ஆராய்ச்சிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரவரிசை வந்தால் எந்தக் கல்லூரி எத்தனையாவது இடம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள், எதை வைத்து மதிப்பெண் போட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். என்ற கல்வி நிறுவனத் தரவரிசையில் கட்டடக்கலைக்கு 2018-இல் தனிப் பட்டியல் வந்தது. அதில் ஆய்வுக் கட்டுரைகளை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற பன்னாட்டு ஆய்விதழ்த் தரவுத்தளங்களைப் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள்.

கான்கிரீட்டின் வலிமையைச் சோதித்து எழுதுபவர்களுக்கு அது சரி. ஆனால் நம் வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை ஆராய்பவர் என்ன செய்வார்? தூண் தூணாக அளந்து, யாளியையும் குதிரை வீரர்களையும் வரைந்து, கல்வெட்டுகளைப் படித்து, விஜயநகர காலத்து மற்ற மண்டபங்களோடு ஒப்பிட்டு, அதையெல்லாம் ஊர்க்காரர்களும் படிக்கும்படி தமிழில் ஒரு நூலாக எழுத வருடக்கணக்கில் ஆகும். அந்த நூல் எந்தத் தரவுத்தளத்தில் ஏறும்? ஆற்காட்டின் பழைய கோட்டை வாயிலான டெல்லி கேட்டைப் பற்றி எழுதினாலும் இதே கதைதான். அப்புறம் இளம் ஆசிரியர்கள் வரலாற்றுப் பக்கமே திரும்புவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கான ஆர்.ஈ.எஃப். மதிப்பீட்டில் நூல், கண்காட்சி, வடிவமைப்பு எல்லாமே ஆய்வாக ஏற்கப்படுகின்றன, துறை வல்லுநர்கள் மதிப்பிடுகிறார்கள். இங்கேயும் நூல்கள், அளவை வரைபடங்கள், பழங்கட்டடப் பாதுகாப்பு அறிக்கைகள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் வேண்டும், தமிழில் எழுதியவையும் சேர வேண்டும், மதிப்பிடும் குழுவில் கட்டடக்கலை வரலாறு படித்தவர்கள் உட்கார வேண்டும். கல்வி அமைச்சகம் இதைக் கவனிக்குமா?

– கட்டடக்கலை ஆசிரியர், வேலூர்