தரை காயட்டும், பிறகு வெட்டலாம்

குண்டளை
மார்கழி 12

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அதற்கு முந்தின நாள்தான் செண்டுவாரைப் பள்ளத்தில் இந்த வருஷத்து முதல் உறைபனி. காலை ஆறரைக்குப் புல் முழுக்க உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறி அது உருகினதும் பள்ளத்துத் தேயிலையில் மேல்கொழுந்து வெந்நீர் பட்டது போலக் கருகிவிட்டது. ஐம்பதடி மேலே இருக்கிற செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித் தேங்கும். உன் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) மரங்களை வெட்டப்போகிற ஆட்களுக்கு நீ மேலே குடிசை போடும்போது இதை மறக்காதே. ஊற்று பக்கத்தில் இருக்கிறதே என்று பள்ளத்தில் போட்டால் ராத்திரி ஒருவரும் தூங்க முடியாது. சரிவின் தோளில், கிழக்கு வெயில் முதலில் விழுகிற இடத்தில் போடு.

மருமகன் பின்லாந்திலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மரக்குடிசை, தொடை வரைக்கும் பனி, அதற்குள் அடுக்கின கட்டை. "அங்கே அந்தப் பனியிலேயே வெட்டுகிறார்கள், நாம் எதற்கு மழை விட்ட பிறகும் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாய். அவர்கள் குளிர்காலத்தில் வெட்டுவது தரைக்காக, மாப்பிள்ளை. அந்தப் பக்கத்துக் காட்டில் நிறைய இடம் சதுப்பு. கோடையில் வண்டி இறங்கினால் அச்சு வரை புதையும், வேரும் மண்ணும் கிழிந்துபோகும். குளிரில் சதுப்பு உறைந்து கல்லாகிவிடும், அதன் மேல் எத்தனை டன்னும் போகலாம். டிராக்டர் வருவதற்கு முன்னால் குதிரை இழுத்த காலத்தில், ராத்திரி பாதை மேல் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, விடிந்ததும் அந்த வழுக்கலில் சறுக்குவண்டியில் கட்டையை இழுத்திருக்கிறார்கள். பனி அவர்களுக்குச் சாலை. மற்றபடி வெட்டுகிறவனுக்கு அது தொல்லைதான். அடிமரத்தைச் சுற்றிப் பனியை அள்ளிப் போட்டால்தான் தாழ வெட்ட முடியும், தப்பி ஓடவும் வழி இருக்கும். கிளை மேல் ஏறியிருக்கிற பனி தலையில் விழும். மரத்துக்குள் இருக்கிற ஈரமே உறைந்துவிடுவதால் நார் வளையாமல் படக்கென்று ஒடியும். அதனால் விழும் பக்கத்தில் அறுக்காமல் விடுகிற மரப்பகுதியை வழக்கத்தைவிடத் தடிப்பாக விடுவார்கள்.

நம் மலையில் தரை உறையாது. நம்முடைய உறைபனி புல்லின் தோலோடு நின்றுவிடும், ஒன்பது மணிக்கு ஈரமாகி மண்ணில் இறங்கும். நமக்குத் தரையைக் கெட்டியாக்குவது வெயிலில் காய்வதுதான். போடிமெட்டுப் பக்கம் வடகிழக்கு மழை மார்கழி பாதி வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. தை பிறந்து ஒரு வாரம் போனால்தான் சரிவு நடமாட்டத்துக்கு ஆகும். மாசி கடைசியில் புல்லுக்குத் தீ பிடிக்கிற காலம் வந்துவிடும். கிராண்டிஸ் இலையில் எண்ணெய், கீழே உதிர்ந்த பட்டையெல்லாம் காய்ந்த காகிதம், அதற்குள் சூடான சைலன்சரோடு மிஷின் வாளைக் கொண்டு போகக் கூடாது. ஆக உனக்குக் கிடைப்பது ஆறு வாரம், மிஞ்சினால் ஏழு. தரை தயாரா என்று பார்க்கக் கட்டை இறக்கப் போகிற வழியில் ஓரடி ஆழம் தோண்டி, அடிமண்ணை ஒரு கை எடுத்துப் பிடித்துப் பார். கொழுக்கட்டை போல நின்று விரல் ரேகை பதிந்தால் இன்னும் பத்து நாள் பொறு. உள்ளங்கையைத் திறந்ததும் உதிர்ந்தால் ஆளைக் கூப்பிடலாம்.

வெட்டுவதைப் பற்றித்தான் நீ நிறையக் கேட்டிருக்கிறாய். எனக்குக் கவலை இறக்குவதைப் பற்றி. கணக்குப் போட்டுப் பார்: நெஞ்சு உயரத்தில் மூன்றடிச் சுற்றளவு, எண்பதடி உயரம் உள்ள கிராண்டிஸ் பச்சையில் கிட்டத்தட்ட 700 கிலோ. இருநூறு மரம் என்றால் 140 டன், பத்து டன் லாரிக்குப் பதினாலு நடை. ஓரடிக் குறுக்களவில் ஆறடித் துண்டு ஒன்றே 130 கிலோ வரும், அதற்கு நாலு ஆள் தோள் கொடுக்க வேண்டும். வழி இல்லாமல் முதலில் வெட்டிப் போட்டால் சரிவு முழுக்கக் கட்டை குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும், பிறகு வழி வெட்டவும் முடியாது. எனவே மரத்தைத் தொடுவதற்கு முன்னால் வழியை வெட்டு. நேர் இறக்கமாகப் போடாதே, கட்டை கையை மீறி ஓடும், ஆனி ஆடி மழையில் அந்தத் தடமே ஓடையாகி உன் மேல்மண்ணைக் கொண்டுபோகும். சரிவுக்குச் சாய்வாகப் போட்டு, இருபது முப்பது அடிக்கு ஒரு குறுக்கு வரப்பு வை. வேலை முடிந்ததும் தழையை அந்த வழி மேலேயே பரப்பிவிடு. செங்குத்தான இடத்தில் கட்டையின் பின்தலையில் வடம் கட்டி, மேலே ஒரு அடிக்கட்டையில் இரண்டரைச் சுற்று சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. நைலான் வடம் வேண்டாம், இழுபட்டு நீண்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். கட்டை இறங்குகிற நேரத்தில் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, சோறு கொண்டுவருகிறவரும் சேர்த்துத்தான்.

இனி வெட்டு. காலை எட்டரைக்கு முன் தொடங்காதே. பனி ஈரத்தில் உரித்த கிராண்டிஸ் கட்டை சோப்புப் போட்டது போல வழுக்கும். மதியம் நெருங்க நெருங்கக் காற்று ஏறும், அதனால் சாய்க்கிற வேலையைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலில் கிளை கழிப்பு, துண்டு போடுவது, பட்டை உரிப்பது என்று வைத்துக்கொள். பட்டையை அன்றன்றைக்கே உரித்துவிட வேண்டும். பச்சையில் வாழைமட்டை போலக் கழன்று வரும், நாலு நாள் விட்டால் ஒட்டிக்கொண்டு கோடாலியைத்தான் கேட்கும்.

மரத்தை நேர் கீழே சாய்க்காதே. இறக்கத்தில் விழுகிற மரம் அதிக உயரத்திலிருந்து விழுவதால் உடையும், விழுந்த பிறகும் வழுக்கிப் போகும். சரிவுக்குக் குறுக்கே, நுனி சற்று மேல்நோக்கி இருக்கும்படி சாய். விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் வெட்டு: ஆழம் குறுக்களவில் நாலில் ஒரு பங்கு, மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டி ஆழமாகப் போய்விட்டால் கீல் கெட்டது, மரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. பிறகு பின்வெட்டு, வாயின் அடித்தளத்தைவிட ஒன்றிரண்டு அங்குலம் உயரத்தில். இரண்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடுகிற மரப்பகுதிதான் கீல். பத்து அங்குல மரத்துக்கு ஒரு அங்குலம், இரண்டு பக்கமும் ஒரே தடிப்பு. கதவைக் கீல் கொண்டுபோகிற மாதிரி மரத்தை அதுதான் கொண்டுபோகிறது. அதையும் சேர்த்து அறுத்துவிடுகிறவர்களால்தான் பாதி விபத்து நடக்கிறது. பின்வெட்டு ஆப்பு நுழையும் அளவுக்குப் போனதும் பிளாஸ்டிக் ஆப்பை வைத்துவிடு. இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பல் போச்சு. மரம் அசைந்ததும் வாளை எடுத்துக்கொண்டு, விழும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்வாகப் பின்வாங்க வேண்டும். நேர் பின்னால் போகக் கூடாது, அடிமரம் எகிறி அங்கேதான் வரும். அந்த வழியில் கொடி, கல், கிளை எல்லாம் முன்கூட்டியே ஒதுக்கியிருக்க வேண்டும். மற்ற ஆட்கள் மரத்தின் உயரத்துக்கு இரண்டு பங்கு தள்ளி, அதாவது 160 அடிக்கு அப்பால், மேல்பக்கமாக.

கிராண்டிஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வளரும்போதே உள்ளுக்குள் இழுவிசையோடு வளர்கிற மரம். வெட்டின உடனே துண்டின் தலையில் நட்சத்திரம் போல வெடிப்பு ஓடுவதைப் பார்த்திருப்பாய். முன்சாய்மானம் உள்ள மரத்தில் இந்த விசைதான் ஆளைக் கொல்கிறது. பின்வெட்டு பாதி போகும்போதே மரம் முன்னால் இழுக்கும், கீல் ஒடியாமல் அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி பத்தடி உயரத்துக்குத் தூக்கி எறியும். வெட்டுகிறவன் முகத்துக்கு நேராக. அப்படிச் சாய்ந்த மரத்தில் பின்னாலிருந்து அறுத்துக்கொண்டே வராதே. கீலுக்குப் பின்னால் வாளைப் பக்கவாட்டில் குத்தி உள்ளே அறுத்து, பின்னால் இரண்டு அங்குலம் பிடியை விட்டு, கடைசியில் அந்தப் பிடியை மட்டும் அறு. குத்தும்போது நுனியின் கீழ்ப்பாதியால் தொடங்கு. மேல்பாதி மரத்தில் பட்டால் வாள் எகிறி முகத்துக்கு வரும். இந்த வெட்டுத் தெரியாத ஆளாக இருந்தால் சாய்ந்த மரங்களைத் தொடவே வேண்டாம், அதற்கென்று ஒருநாள் தேர்ந்த ஆளைக் கூட்டி வா. ஒரு மரம் இன்னொன்றில் மாட்டிக்கொண்டால் தாங்குகிற மரத்தை வெட்ட யாரையும் விடாதே. தூரத்திலிருந்து அடியை வடம் போட்டு இழுக்க வேண்டும்.

மிஷின் வாளைப் பற்றி இரண்டு விஷயம். நீ போடியிலிருந்து கொண்டுவருகிறாய். இங்கே உயரத்தில் காற்று மெலிவு, அதனால் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும், இழுவை குறையும். பழைய வாளில் கார்புரேட்டர் திருகை நம் ஆட்கள் கொஞ்சம் முடுக்கிச் சரிசெய்வார்கள். சரிதான். ஆனால் கீழே போடிக்கு இறங்கினதும் அதைப் பழையபடி திருப்பி வைக்க மறக்காதே. அங்கே அதே அளவில் ஓடினால் பெட்ரோல் போதாமல், அதோடு போகிற ஆயிலும் போதாமல், பிஸ்டன் பிடித்துவிடும். கலவை லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில், கையேட்டில் வேறு சொல்லியிருந்தால் அதன்படி. சங்கிலிக்குக் கழிவு ஆயில் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடு. அதிலுள்ள இரும்புத்தூள் ஆயில் வழியை அடைக்கும், சங்கிலி நீலமாகிச் சூட்டில் நீளும். அறுக்கும்போது சீவல் சீவலாக விழ வேண்டும். மாவாக விழுந்தால் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம், அழுத்தி அறுக்காமல் நிறுத்தி அரம் போடு. டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு மூன்று தள்ளு, எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு. ஒரு பக்கம் அதிகமானால் வெட்டு வளைந்து போகும்.

குடிசையில் அரிசி மூட்டை வைக்காதே. அரிசி தேடி வீடுகளை உடைத்த அரிக்கொம்பன் யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து கொண்டுபோனார்கள், அது கம்பம் வரை வந்த கதை உனக்கே தெரியும். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் மேலே கொண்டுபோங்கள். இன்னொன்று, குளிர் தாங்காமல் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் படுக்கக் கூடாது. அதிலிருந்து வருகிற விஷவாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆள் போய்விடும். கம்பளி கூடுதலாகக் கொடு, நெருப்பை வெளியே வை.

விலை பேசும்போது வாங்குகிறவர் பச்சைக் கட்டையைக் குறைத்துக் கேட்பார். அவர் பக்கம் நியாயம் உண்டு. பச்சை விறகில் பாதி எடை தண்ணீர், ஒரு கிலோ எரித்தால் 2000 கிலோகலோரிகூடக் கிடைக்காது. ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கினால் அதே கிலோ 3400 தரும். தேயிலை ஃபேக்டரி அடுப்புக்காரர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இடம் இருந்தால் பிளந்து, அடியில் இரண்டு கட்டை கொடுத்து, காற்று ஓட அட்டி போட்டுப் பங்குனி வரை வை. எடை குறையும், கிலோவுக்கு விலை ஏறும். அட்டியைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைச் செதுக்கிவிடு.

அடிக்கட்டை விஷயம் எனக்கு மனதில் கிடந்து உறுத்துகிறது. மறுதாம்பு, அதாவது அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்து வளர்கிற மரம், வேண்டும் என்றால் தரையிலிருந்து நாலைந்து அங்குலத்தில், தண்ணீர் வடிய ஒரு பக்கம் சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டு. அடுத்த வருஷம் துளிர்களில் நல்லது இரண்டை விட்டு மற்றதைக் கழி. மேல்பாதிக்கு அப்படியே செய். ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற முப்பது நாற்பது மரத்துக்கு மட்டும் மறுதாம்பு விடாதே என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே அடிக்கட்டையின் பட்டையைத் தரைக்குக் கீழ் வரை உரித்துவிட்டு, துளிர் வரவரக் கிள்ளிக்கொண்டே இரு, ஒன்றிரண்டு வருஷத்தில் பட்டுப்போகும். வேகமாக வளர்கிற மரம் வேகமாகக் குடிக்கும், அந்த ஊற்றை நம்பிக் கீழே நாலு வீடு இருக்கிறது. அந்த இடத்தில் நாவலும் காட்டுக்கருவாவும் வரட்டும்.

வருவதற்கு முன்னால் வன அலுவலகத்திலும் கிராம அலுவலகத்திலும் போய், உன் பட்டாவுக்கு வெட்ட என்ன அனுமதி வேண்டும், போடிமெட்டுச் செக்போஸ்ட்டைத் தாண்ட என்ன பாஸ் வேண்டும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். லாரியில் ஏற்றின பிறகு ஓடக் கூடாது.

தை முதல் வாரம் காலை பஸ்ஸில் வா. 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் நாலு, பிளாஸ்டிக் ஆப்பு ஆறு போடியிலேயே வாங்கிவிடு, இங்கே கிடைப்பதில்லை. வாளுக்கு எந்தச் சங்கிலி என்று பார்த்துக்கொள், அந்த அரம் 0.325 அங்குலச் சங்கிலிக்கு உரியது. மண்ணைப் பிடித்துப் பார்க்க நானும் மேலே வருகிறேன்.

அன்புடன்,
உன் பரமன்