காத்தாடி வரட்டும், ஓடையை அடைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் நிற்பது போன்ற பழைய காத்தாடிகளை (மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளை) கழற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த வழிசெய்யும் கொள்கையைத் தமிழக அரசு 2024-ல் வெளியிட்டது. எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆடி மாதம் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும்போது எங்கள் ஊரில் சைக்கிள் மிதிக்க முடியாது. அந்தக் காற்று மின்சாரமாவது நல்லதுதான். 1990-களில் என் அப்பா விற்ற ஒன்றரை ஏக்கரில் நிற்பது 225 கிலோவாட் இயந்திரம். இப்போது வருபவை 2,000 கிலோவாட்டுக்கு மேல்.

என் கவலை பாதையைப் பற்றியது. இன்றைய பெரிய காத்தாடிக்கு ஒரு இறக்கையே அறுபது மீட்டர் வரும். அதை ஏற்றிய லாரி திரும்ப வளைவை அகலப்படுத்தணும், கிரேன் போக மண்ணடித்து இறுக்கணும். சில வருடம் முன்பு எங்கள் வயலுக்குக் கிழக்கே அப்படி ஒரு பாதை போட்டார்கள். குறுக்கே ஓடை. பத்தடி அகல ஓடையில் இரண்டு சிமென்ட் குழாயைப் புதைத்து, மேலே சரளைக் கொட்டினார்கள். “கிரேன் போனதும் எடுத்திருவோம் அண்ணாச்சி” என்றார் சூப்பர்வைசர். கிரேன் போய்விட்டது. சரள் அப்படியே கிடக்கிறது.

2023 டிசம்பர் பெருமழையில் பனைமட்டையும் செத்தையும் வந்து குழாய் வாயை அடைத்துக்கொண்டன. தண்ணீர் போக வழியில்லாமல் என் வாழைக்குள் ஏறியது. நான்காம் நாள்தான் உள்ளே கால் வைக்க முடிந்தது. குலை தள்ளிய முந்நூறு வாழை சாய்ந்து கிடந்தது. கிழங்கு அழுகிய வாடை. சாதாரண மழைக்கோ, ஓடைக்குக் கீழே உள்ள குளத்துக்குப் பாதித் தண்ணீர்கூடப் போவதில்லை. கம்பெனியில் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கைகாட்டினார்கள். அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

புதிய காத்தாடிக்கு அனுமதி கொடுக்கும்போதே கிராம வரைபடத்தை விரித்து, பாதை எந்தெந்த ஓடையைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஓடையின் முழு அகலத்துக்கும் பாலம் கட்டச் சொல்ல வேண்டும். கொட்டிய மண்ணை அள்ளிய பிறகே மின் இணைப்பு தர வேண்டும். ஏற்கெனவே அடைபட்ட ஓடைகளை அதிகாரிகள் கோடையிலேயே வந்து பார்க்கட்டும். அப்போது ஓடை காய்ந்து கிடக்கும், எங்கே அடைத்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

– ஒரு விவசாயி, பணகுடி அருகில்