தவறிப் போன ஏவுகணைக்கு முதல் பத்து நிமிடத்தில் யார் பதில் சொல்வது?

மதிப்பிற்குரிய இந்திய, பாகிஸ்தான் வெளியுறவுச் செயலர்களுக்கு,

வணக்கம். 2022 மார்ச் 9 மாலை இந்திய விமானப்படையின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கி.மீ. பறந்து மியான் சன்னு என்ற ஊர் அருகே விழுந்தது. சுமார் 40,000 அடி உயரத்தில் போனது என்றது பாகிஸ்தான் ராணுவம். பயணிகள் விமானங்கள் பறக்கும் உயரம் அது. எல்லையைத் தாண்டியபின் அது வானில் இருந்தது நான்கு நிமிடத்துக்கும் குறைவு. வெடிமுனை இல்லை, யாரும் சாகவில்லை. பராமரிப்புப் பணியின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா அறிவித்தது 11ஆம் தேதி மாலையில்தான். உடனே ஏன் தெரிவிக்கவில்லை என்று இஸ்லாமாபாத் கேட்ட கேள்வி நியாயமானது.

காரணம் பிறகு தெரியவந்தது. ஏவுகணைகளை ஏற்றிய வாகன அணி நகரும்போது, ஏவுகணையைச் சுடத் தயாராக்கும் ‘போர் இணைப்பான்கள்’ ஜங்ஷன் பாக்ஸ் என்ற மின் இணைப்புப் பெட்டியிலிருந்து கழற்றப்படாமல் இருந்தன என்றும், அரசுக்கு 24 கோடி ரூபாய் இழப்பு என்றும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசு சொன்னது. மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அணு ஆயுதம் இருப்பதால்தான் பெரிய போர் வரவில்லை என்று இரு தலைநகரங்களிலும் சொல்கிறார்கள். 1998 மே மாதச் சோதனைகளுக்கு ஓராண்டு கழித்துக் கார்கில் வந்ததை நினைவில் வைத்துக்கொண்டே அந்த வாதத்தை இங்கே ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் தடுப்பாற்றல் என்பது முடிவெடுக்கும் மனிதரைப் பயமுறுத்தி நிறுத்துவது. கழற்ற மறந்த இணைப்பானை அது நிறுத்தாது. அங்கே காப்பாற்றக்கூடியது ஒன்றுதான்: எதிர்த்தரப்பு ராடாரில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது என்னவென்று உடனே தெரிவது. அதற்கான ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. இரண்டையும் அடைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதலாவது, 2005 அக்டோபர் 3இல் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு ஒப்பந்தம். சோதனைக்கான ஐந்து நாள் காலவரம்பு தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே தெரிவிக்க வேண்டும்; ஏவுமிடம் எல்லையிலிருந்து 40 கி.மீ.க்குள் இருக்கக்கூடாது, விழுமிடம் அதைவிடவும் தள்ளி இருக்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் இவை மேலே எறியப்பட்டு வளைவாக வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கு மட்டும். பாகிஸ்தானின் பாபர், இந்தியாவின் பிரம்மோஸ், நிர்பய் எல்லாம் விமானம்போல் பறந்து செல்லும் க்ரூஸ் வகை. ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன. இத்தனைக்கும் பாபர் முதன்முதலில் சோதிக்கப்பட்டது அதே 2005 ஆகஸ்டில், கையெழுத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது.

இருப்பதில் குழப்பம் மிகுந்த வகையை வெளியே விட்டுவிட்டோம். பாலிஸ்டிக் ஏவுகணையின் பாதையை ஓரளவு கணித்துவிடலாம். க்ரூஸ் நடுவழியில் திரும்பும். 2022இல் வந்தது முதலில் ராஜஸ்தானிலுள்ள மகாஜன் ராணுவத் துப்பாக்கிச்சூட்டுத் திடல் திசையில் போய், பிறகு வலப்பக்கம் திரும்பி எல்லைக்குள் நுழைந்தது என்று பாகிஸ்தான் ராணுவமே விளக்கியது. பாபர் அணுகுண்டையும் சுமக்கும், சாதாரண வெடிமுனையையும் சுமக்கும். ராடாரில் இரண்டும் ஒரே புள்ளிதான். ஆகவே க்ரூஸ் சோதனைக்கு ஏவுமிடத்தையும் விழுமிடத்தையும் சொன்னால் போதாது. பறக்கும் வழித்தடத்தின் முனைகளையும், அது எல்லைக்கு எவ்வளவு நெருங்கும் என்பதையும் சேர்த்துத் தெரிவிக்க வேண்டும். ரகசியம் போய்விடும் என்ற ஆட்சேபத்தில் வலு இல்லை. சோதனைக்காக வான்வெளியை மூடும்போது விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு எப்படியும் வெளியாகிறது. அதை உலகமே படிக்கிறது.

இரண்டாவது ஓட்டைதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. 2007 பிப்ரவரி 21 ஒப்பந்தம் விபத்தை உடனே தெரிவிக்கச் சொல்கிறது. ஆனால் அது அணு ஆயுதம் சம்பந்தப்பட்ட விபத்தாக இருக்க வேண்டும். கதிர்வீச்சுப் பரவலோ அணு ஆயுதப் போர் அபாயமோ உண்டாகக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வெடிமுனை இல்லாத பிரம்மோஸ் இதற்குள் வருமா? அனுப்பியவர் வராது என்று வாதிடலாம். தன்னை நோக்கி வருவதில் வெடிமுனை இருக்கிறதா இல்லையா என்று பெறுபவருக்கு எப்படித் தெரியும்? எனவே எந்த ஏவுகணையானாலும், ஆயுதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லையை நோக்கித் தவறிப் போனால் பத்து நிமிடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

வரி சேர்த்தால் மட்டும் தொலைபேசி மணி அடித்துவிடாது. ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கு இடையே ஹாட்லைன் இருக்கிறது. 2025 மே 10 அன்று பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் தரப்பு அழைத்து, மாலை 5 மணிக்குச் சண்டையை நிறுத்த முடிந்தது அப்படித்தான். ஆனால் அது தரைப்படையின் தொலைபேசி. ஏவுகணையை வைத்திருப்பது விமானப்படையாகவோ, பாகிஸ்தான் 2025 ஆகஸ்டில் தரைப்படைக்குள்ளேயே தனிப்பிரிவாக அறிவித்த ராக்கெட் படையாகவோ இருந்தால், செய்தி முதலில் மேலே ஏறி, பக்கவாட்டில் நகர்ந்து, பிறகுதான் எல்லை தாண்டும். ஒவ்வொரு படியிலும் ‘முழு விவரம் வரட்டும்’ என்பார்கள். நேரம் போவது அங்கேதான். ஆகவே ஏவும் படைப்பிரிவின் பணிநேர அதிகாரி ஹாட்லைன் அறைக்கு நேரடியாகச் சொல்லவும், அந்த அறை மேலிட அனுமதிக்குக் காத்திராமல் அழைக்கவும் முன்கூட்டியே எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். படிக்க வேண்டிய வாசகமும் தயாராக இருக்கட்டும்: கிளம்பிய நேரம், எத்தனை, கடைசியாகத் தெரிந்த திசை, வெடிமுனை உண்டா, மற்ற ஏவுகலங்கள் பூட்டப்பட்டுவிட்டனவா. தெரியாததற்குத் ‘தெரியாது’ என்று சொன்னாலே போதும், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

2022இல் எல்லை அமைதியாக இருந்தது. முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் போர்நிறுத்தத்தை இரு ராணுவங்களும் மறுபடி உறுதிசெய்திருந்தன. ஒற்றை ஏவுகணையை விபத்து என்று நம்ப முடிந்தது அதனால்தான். 2025 மே மாதம் இரு நாடுகளும் மோதிக்கொண்டது போன்ற நான்கு நாள்களில் அதே இணைப்பான் அதே பெட்டியில் மாட்டியபடி இருந்திருந்தால் யாரும் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள்.

உங்களால் முடியாதது எதையும் நாங்கள் கேட்கவில்லை. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற 1988 ஒப்பந்தத்தின்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பட்டியல்களைப் பரிமாறுகிறீர்கள். கார்கில் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை, 2025 மோதலுக்குப் பிறகும் நிற்கவில்லை. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உள்ள உலைகள் போன்றவைக்கும் அந்த ஒப்பந்தம்தான் காப்பு. அடுத்த ஜனவரி 1 அன்று அந்த உறையோடு இன்னொரு தாளையும் வையுங்கள்: ஏவுகணை தவறினால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு அழைப்பு வரும், அந்த நேரத்தில் எடுப்பவர் என்ன பதவியில் இருப்பார் என்பது மட்டும்.

இப்படிக்கு,
தெற்காசிய ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களைப் படித்து எழுதிவருபவர்கள்