ஏலத்தில் போன வள்ளம்

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். மனுசியின் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் என் பெயரைச் சொல்லித் திட்டுகிறாள். உன் பேத்தியின் போட்டோ பார்த்தோம். உன் மூக்கு வரவில்லை என்று எல்லோருக்கும் சந்தோசம். சின்னவனின் கலியாணப் பேச்சு எப்படி முறிந்தது என்று நெட்டையன் உனக்குப் போனில் விடிய விடியச் சொல்லியிருப்பான், அதை நான் தொடவில்லை.

நான் எழுத வந்தது வேறு. என் வள்ளத்துக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கிழவரை ஞாபகம் இருக்கிறதா? நாறின சீஸை வெட்டித் தந்துவிட்டு, நீ விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர். மாசி மாதம் போய்விட்டார். அவருடைய பாய்வள்ளத்தை ஒன்லைன் ஏலத்தில் விற்றுத் தரச் சொல்லிக் கிழவி என்னிடம் வந்தாள். போன ஞாயிறு இரவு விற்று முடிந்தது. அன்றிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. இங்கே கேட்கிறவர்கள் "எவ்வளவுக்குப் போனது?" என்பதோடு எழும்பிப் போய்விடுகிறார்கள். நீயும் அதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும்.

1,180 பவுண். சிரிக்காதே.

26 அடி வெஸ்டர்லி சென்டோர், 1974இல் செய்தது. டீசல் எஞ்சின், படுக்கை, அடுப்பு எல்லாம் உண்டு. 1969இலிருந்து 1980வரை 2,400க்கு மேல் செய்து தள்ளினார்கள், போர்ட்ஸ்மவுத்துக்குப் பக்கத்திலேயே, வாட்டர்லூவில்லில். அடியில் கனத்துக்குத் தொங்குகிற ஏரா ஒன்றுக்குப் பதில் இரண்டு, அதனால் கடல் வற்றும்போது சரியாமல் சேற்றில் நேராகக் குந்தியிருக்கும். அந்தக் காலத்து வாத்திமாரும் தபால்காரரும் காசு சேர்த்து வாங்கின வள்ளம். பெரிய பவிசு இல்லை, ஆனால் குடும்பத்தோடு போய் உயிரோடு திரும்பலாம்.

அப்படியானது ஏன் ஒரு பழைய காரின் விலைக்குக்கூடப் போவதில்லை? ஃபைபர்கிளாஸ் சாகாது மச்சான், அதுதான் வில்லங்கம். மரக்கலம் என்றால் உக்கும், ஒருநாள் விறகாகும். இது ஐம்பது வருஷம் கழித்தும் அப்படியே நிற்கும், வாங்கினவர்தான் முதலில் போகிறார். உடைத்து எறியவும் இங்கே நீதான் காசு கட்ட வேண்டும். பிரான்ஸில் 2019இலிருந்து பழைய வள்ளங்களை உடைத்துத் தர ஓர் அமைப்பு இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு மட்டும் உன்னுடையது. இந்த நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ஏரா ஈயமாக இருந்தால் பழைய இரும்புக்காரனாவது எட்டிப் பார்ப்பான், சென்டோருக்கு வார்ப்பிரும்பு. கட்டி வைத்திருக்க மரினாக்காரன், அதுதான் வள்ளங்கள் கட்டும் துறைக்காரன், கேட்பதோ, வருஷத்துக்கு வள்ளத்தின் விலையைப் போல மூன்று மடங்கு. ஆக ஏலத்தில் போவது வள்ளமில்லை, அந்தப் பில். அடுத்த பில் யார் பெயருக்கு வரப்போகிறது என்பதற்குத்தான் இந்தப் போட்டியெல்லாம்.

முதலில் கடதாசி. கிழவர் சும்மா ஆள் இல்லை, முறையாகக் கப்பலாகவே பதிந்து வைத்திருந்தார். பிரித்தானியச் சட்டத்தில் பதிந்த கப்பலுக்கு 64 பங்கு, உனக்குத் தெரியுமோ என்னவோ. அதில் 16 அவருடைய தம்பி பெயரில். தம்பி இருப்பது அவுஸ்திரேலியாவில், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. செத்த அண்ணனின் ஓட்டை வள்ளத்தில் கால்வாசிக்காக ஒரு மனுசனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கின பாட்டை நேரில் சொல்கிறேன், போத்தல் ஒன்று வேண்டும் அதற்கு.

பிறகு விளம்பரம். "அன்போடு பராமரிக்கப்பட்டது" என்று எழுதச் சொன்னாள் கிழவி. அந்த வரியை எழுதாத ஒரு விளம்பரத்தையும் நான் கண்டதில்லை, பாதி வள்ளங்களில் பாசிதான் அன்போடு வளர்ந்திருக்கும். நான் குறைகளை எழுதினேன். கூரையின் உள்பக்கம் ஒட்டின துணி தொய்ந்து தலையில் இடிக்கிறது, அது வெஸ்டர்லிகளுக்குப் பிறவி வியாதி. பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் பழசு, காப்புறுதிக்காரன் மாற்றச் சொல்வான். அடியில் சில கொப்புளங்கள், குத்திப் பார்த்தால் வினாகிரி மணம் வருகிறது, தண்ணீர் உள்ளே ஊறிவிட்டது என்று அர்த்தம். தரைப் பலகையைத் தூக்கி, ஏரா பூட்டின இடத்தைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் போட்டோ எடுத்துப் போட்டேன். சென்டோர் வாங்குகிறவன் அங்கேதான் முதலில் பார்ப்பான். கீறல் இல்லை.

அப்போதுதான் ஒன்று கண்டேன். அடியில் தண்ணீர்க் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப் சுற்றிப் பேனையால் எழுதி வைத்திருக்கிறார் மனுசன். "போகுமுன் மூடு." "அரைத் திருப்பு போதும், முரட்டுத்தனம் வேண்டாம்." கழுவுதொட்டிக்குக் கீழே இருந்ததில், "இது மூடினமாதிரி நடிக்கும், நம்பாதே." அதையும் போட்டோ எடுத்து விளம்பரத்தில் சேர்த்தேன். வள்ளத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதினதைவிட அது நன்றாகச் சொன்னது.

கேள்விகள் வந்தன. வாட் வரி கட்டின சான்று உண்டா என்று ஒருவர். 1985க்கு முன்பே பாவனைக்கு வந்த வள்ளம், 1992 கடைசி நாளில் ஐரோப்பியச் சமூகத்துக்குள் நின்றதற்கு அத்தாட்சி இருந்தால் கட்டினதாகவே கணக்கு. கிழவர் அந்த வருஷத்து மரினா ரசீதை அதற்கென்றே மடித்து வைத்திருந்தார். நாளைக்கே எடுத்தால் 400க்குத் தருவாயா என்று இன்னொருவர். அவருக்குப் பதில் எழுதவில்லை.

கடைசியாக ஒருவன். "எஞ்சினைக் கழற்ற மேல்வழி போதுமா? பாய்க்கயிறு இழுக்கிற வின்ச் என்ன மேக்?" எனக்கு உடனே விளங்கிவிட்டது. இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது மச்சான். மலிவாக எடுத்து, எஞ்சின், வின்ச், பாய், நங்கூரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அதே ஏலத்தில் தனித்தனியாக விற்பார்கள். மிஞ்சுகிற வெறும் கோதை ஏதாவது ஆற்று வாயில் ஓர் இரவு விட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். சேற்றில் கிடக்கும் அந்தக் கோதுகளை நீயும்தான் பார்த்தாய், படம் எடுக்க வடிவாக இருக்கிறது என்றாய். சும்மா சொன்ன விலைக்காரன் என்றால் விட்டுவிடலாம். இவன் ஏலம் கேட்கவும் தொடங்கிவிட்டான். 900வரை அவன்தான் முன்னுக்கு.

அவனைத் தடுக்க முடியும். விற்கிறவர் நினைத்தால் கேட்டதை ரத்துச் செய்து ஆளையே ஒதுக்கி வைக்கலாம், பெரிய வேலையில்லை. ஆனால் கிழவிக்கு மரினாவில் பாக்கி நின்றது. காசு கட்டாமல் கிடக்கும் வள்ளத்தை, முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் தாங்களே விற்க 1977ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, நோட்டீஸும் வந்துவிட்டது. அவன் காசும் காசுதானே? இரண்டு இரவு நித்திரை இல்லாமல் யோசித்துவிட்டுக் கிழவியிடமே போய்க் கேட்டேன். அவர் வள்ளத்தைத் துண்டு துண்டாக்கி விற்கப் போகிறான், சம்மதமா என்று. அவள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "நாற்பது வருஷம் அதில் சத்தி எடுத்திருக்கிறேன், தாராளமாக உடைக்கட்டும்" என்றாள்.

இதற்கு நான் என்ன சொல்ல?

ஒதுக்கவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் ஞாயிறு இரவு கொம்பியூட்டருக்கு முன்னால் நான் இருந்த இருப்பை மனுசி பார்த்துவிட்டு, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். நம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கூறுகிறவர் ஆட்களின் முகத்தைப் பார்ப்பார், இன்னும் ஒருவன் இழுபடுகிறான் என்றால் விடமாட்டார், கேட்க ஆளில்லை என்று ஆன பிறகுதான் முடிப்பார். இங்கே அப்படியில்லை, மணிக்கூடு முடிக்கும். ஆசை மிச்சமிருந்தாலும் நேரம் போனால் போனதுதான். அதனால் பழகினவர்கள் வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசிப் பத்து விநாடியில் பாய்வார்கள். அப்படித்தான் நடந்தது. எஞ்சின்காரன் 1,160இல் நின்றான், நாள் முழுக்கக் காணாத ஒரு பெயர் 1,180க்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு கேள்விகூடக் கேட்காத ஆள்.

வியாழன் வந்தான், முப்பது வயது இருக்கும். காசை எண்ணித் தந்தான், கடதாசியில் கையெழுத்து வைத்தான், டேப்பில் இருந்ததையெல்லாம் டோர்ச் அடித்து வாசித்தான். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றான். எஞ்சின் முக்கி முனகிப் பற்றியது, கொஸ்போர்ட் பக்கம் கொண்டுபோனான். நல்லவனா கழற்றுகிறவனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அந்தரம் அதுதான். விலையை வைத்து ஆளைத் தெரிவுசெய்கிற முறை இது, ஆளை வைத்து வள்ளத்தைக் கொடுக்க இதில் வழியில்லை.

எங்கள் ஊரிலும் ஒரு பழைய பாய்க்கப்பல் விற்றார்கள். அன்னபூரணியை ராபின்சன் என்ற அமெரிக்கன் வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயரையும் மாற்றினான். ஆனால் அதை வல்வெட்டித்துறைப் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டுபோய், 1938இல் மசாசூசெட்ஸ் குளொஸ்டரில் சேர்த்தார்கள். உன் அப்பப்பாவின் தம்பி அதில் குசினியில் நின்றார் என்று நீ அளக்கும் கதையை நான் இன்றும் நம்பவில்லை. ஆனாலும் வாங்கினவன் எப்படிப்பட்டவன், கப்பல் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரிந்து நடந்த வியாபாரம் அது.

எனக்கும் வயது போகிறது. என் வள்ளத்துக்கு என் மனுசி யாரிடம் போவாள் என்று யோசித்தேன், அதனால் அவள் பெயரில் 64இல் ஒன்றுகூட எழுதவில்லை. பெடியனுக்குக் கார்தான் பைத்தியம். சாகுமுன் நானே ஆளைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும், ஒரு பவுணுக்கு என்றாலும். இதை இவளிடம் இன்னும் சொல்லவில்லை, நீ வாயைத் திறக்காதே.

சரி, உன் விசருக்கு வருகிறேன். ஒன்டாரியோ ஏரிக்கரையில் கேட்டலினா 22 என்ற பாய்வள்ளம், நல்ல விலை, போட்டோவில் பளபள என்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். போட்டோ எடுக்குமுன் யாரும் தண்ணீர் அடித்துக் கழுவுவான். நேரில் போ. சுத்தியல் பிடியால் மேல்தளத்தைத் தட்டிப் பார், உள்ளே மரம் வைத்துச் செய்த தளம். நல்ல இடம் டக்கென்று கேட்கும், ஊறின இடம் பொத்தென்று இருக்கும். உங்கள் குளிரில் அந்த ஈரம் உறைந்து உறைந்து கிழித்திருக்கும். ஏரா மேலே மடிகிற மாதிரி என்றால், அது தொங்கும் ஆணியையும் தூக்கும் கம்பியையும் பார்க்காமல் விலை சொல்லாதே. ட்ரெயிலர் சேர்த்தா என்று கேள், இல்லையென்றால் வீட்டுக்கு எதில் கொண்டுவருவாய், சைக்கிளிலா? வள்ளம் நிற்கிற யாட்டில் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கு. இதெல்லாம் சரியென்றால், உன்னால் முடிந்த உச்ச விலையை ஒரே தரம் போட்டுவிட்டுப் படு. 1,500 என்று போடாதே, 1,513 என்று போடு, முழு நூறில் நிற்கிறவன்தான் அதிகம். நீ உச்சத்தைப் போட்டாலும் அடுத்தவனைவிடக் கொஞ்சம் கூடத்தான் எடுக்கும்.

லிங்கை எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அதுவரை கை வைக்காதே. உன் மனுசிக்குச் சொன்னாயா இல்லையா என்று நெட்டையன் என்னைக் கேட்கிறான். நான் தெரியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி