நாலாவது நிமிஷத்தில் நீ

பாப்பாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நிகழ்ச்சியைப் பார்த்தோம். நீ தேதி சொன்ன அன்றே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அம்மா அரை மணி நேரம் முன்னாலேயே டிவி முன் உட்கார்ந்துவிட்டாள். உனக்குப் பிடித்த அந்தப் பாட்டு பேண்ட் கடைசியில்தான் வரும் என்று சொன்னால் கேட்கவில்லை. தொகுப்பாளரின் ஒவ்வொரு ஜோக்குக்கும் கூட்டம் சிரிக்கச் சிரிக்க, "இதில் நம்ம பொண்ணு சிரிப்பு எது?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உன் சிரிப்பு தனியாகக் கேட்கும் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். கேட்கவில்லை.

பாட்டு ஆரம்பித்த நாலாவது நிமிஷத்தில் நீ வந்தாய். கேமரா டிரம்ஸிலிருந்து அப்படியே கூட்டத்தின் பக்கம் திரும்பியது. இடப்பக்கம், மூன்றாவது வரிசை. இரண்டு விநாடி இருந்தால் அதிகம். உன் வாய் பாட்டோடு அசைந்தது. கண்ணில் பளபளத்தது தண்ணீரா, விளக்கு வெளிச்சமா என்று தெரியவில்லை. அம்மா போட்ட சத்தத்தில் அதற்கப்புறம் பாட்டே காதில் விழவில்லை. முடிவில் எல்லோரும் எழுந்து கைதட்டும்போது இன்னொரு தரம் தெரிந்தாய்.

பெருமையாக இருந்தது. நீ மேடையேறிப் பாடவில்லை, வரிசையில் நின்று போய் உட்கார்ந்துவிட்டு வந்தாய், அவ்வளவுதான். இருந்தாலும் அம்மா சித்தி, பெரியப்பா, உன் பழைய டீச்சர் வரைக்கும் போன் போட்டுவிட்டாள். நானும் நடைப்பயிற்சியில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

ஆனால் அரைக்கைச் சட்டையோடு போயிருக்கிறாய். ஸ்டுடியோவில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அத்தனை விளக்கின் சூட்டுக்கும் ஈடுகொடுக்க ஏசியை முழுசாக வைத்துவிடுவார்கள். பதிவு மணிக்கணக்கில் இழுக்கும். நடுவில் எழுந்து போகவும் விடமாட்டார்கள். உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது என்பது உனக்கே தெரியும்.

அந்தத் துண்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். பதினோரு தரம். அம்மா தூங்கின பிறகு. முதல் முறை நீ தெரியும்போது தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாய். கைதட்டும்போது முடி அவிழ்ந்து தோளில் கிடக்கிறது. பாடுகிறவரின் சட்டைக் கையும் அப்படித்தான், முதலில் முழங்கை வரை மடித்திருக்கிறது, கடைசி வரியில் மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. ஒரே பாட்டை இரண்டு தரம் பாடவைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. இதையெல்லாம் முன்பு நீதான் எனக்குச் சொல்வாய். எத்தனை மணி நேரம் வரிசை, போனை உறையில் போட்டுப் பூட்டினார்களா, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் வந்து சும்மாவே கைதட்டிப் பழகச் சொன்னாரா, எல்லாம் ஒன்று விடாமல் சொல்வாய். இந்தத் தடவை வந்தது ஒரே வரி. "சூப்பரா இருந்துச்சுப்பா, அப்புறம் பேசறேன்." முப்பத்தாறு நாள் ஆகிறது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

வேலை இருக்கும். எனக்குத் தெரியாதா.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் தடவை உன் பக்கத்து நாற்காலியில் உன் பை இருக்கிறது. இரண்டாவது தடவை அங்கே யாரோ தாடி வைத்த பெரியவர் நிற்கிறார். கேமராவில் காலி நாற்காலி தெரியக் கூடாது என்பதற்காக, பின்னால் இருப்பவர்களை முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள் என்று படித்தேன். பாஸையும் இருக்கிற இடத்தைவிட அதிகமாகத்தான் கொடுப்பார்களாம், வராமல் போகிறவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள் என்று. ஆக, அந்தப் பெரியவர் அப்படி வந்தவராக இருக்கும். நீ ரெண்டு பாஸ் கிடைத்திருக்கிறது என்று சொன்னதாக ஞாபகம். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு வேலை போலிருக்கிறது.

அம்மா இதைக் கவனிக்கவில்லை. "முகம் தெளிவா இருக்கு, நல்லாத்தான் இருக்கா" என்கிறாள். அது அன்றைய முகம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பீட்டில்ஸ் பேண்டின் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். 1964 பிப்ரவரி 9, அமெரிக்க டிவியில் எட் சல்லிவன் ஷோ, 728 இருக்கைக்கு 50,000 பேருக்கு மேல் கேட்டது, 7 கோடிக்கும் மேல் டிவியில் பார்த்தது. அதில் நீ காது கொடுத்துக் கேட்காத பகுதி ஒன்று உண்டு. அன்றைக்கு இரவு நேரலைக்கு முன்னால், மதியமே வேறொரு கூட்டத்தை உட்காரவைத்து இன்னும் கொஞ்சம் பாட்டைப் பதிவு செய்துகொண்டார்கள். அதை 23ஆம் தேதிதான் போட்டார்கள். அதற்கு முந்தின நாளே நாலு பேரும் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சனம் டிவியில் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது அவர்கள் தங்கள் நாட்டில் இருந்தார்கள். முன்பு இதை வேடிக்கையாகத்தான் சொல்வேன்.

சரி. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. வெளியே கிளம்பினால் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

இதோடு ஒரு கவர் வைத்திருக்கிறேன். எப்போது உன்னிடம் கொடுப்பது என்று பதினாறு வருஷமாக யோசித்துவிட்டேன். முன்பக்க முத்திரையைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும்.

ஆமாம், அது வந்தது. நீ தினமும் கேட்டருகே நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்த வாரமே வந்தது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, வீட்டுப் பத்திரம் இருக்கிற பெட்டியில் அடியில் வைத்துவிட்டேன். "குலுக்கலில் விழவில்லை போலிருக்கும்மா" என்று உன் தலையைத் தடவிச் சொன்னேன். நீ நம்பினாய். அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை.

பரீட்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அந்தப் பேண்டின் நிகழ்ச்சிப் பதிவுக்கு நாலு நாள் முன்பே உன் பரீட்சை முடிந்துவிட்டது. சின்ன வயசுக்காரர்கள் பெரியவர் ஒருவரோடு வர வேண்டும் என்பதால், இரண்டாவது பாஸுக்கு நீ என் பெயரைக் கொடுத்திருந்தாய். பிரித்துப் பார், உன் கையெழுத்தில்தான் இருக்கிறது. "உடன் வருபவர்: அப்பா." அந்தக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, யாரோ தட்டு என்று சொல்லும்போதெல்லாம் கைதட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு காரணமே இல்லை. அடுத்த வருஷம் அந்தப் பழைய டிரம்ஸ்காரர் பேண்டை விட்டுப் போனார். நீ இரண்டு நாள் அறைக்கதவைத் திறக்கவில்லை. நாலு பேரையும் ஒன்றாக மேடையில் பார்க்க இனி வழியே இல்லை என்று அழுதாய். நான் கதவுக்கு வெளியே நின்று, பெட்டியைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அப்புறம் போய்ச் செய்தித்தாள் படித்தேன்.

இப்போது இருக்கிற டிரம்ஸ்காரரும் நன்றாகத்தான் வாசிக்கிறார். கேட்டேன்.

உன் பக்கத்து நாற்காலியைப் பற்றிக் கேட்க எனக்கு வாயில்லை. நீ சொல்ல வேண்டும் என்றும் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்கிற மாதிரி இல்லை என்றால் விட்டுவிடு.

அந்தப் பேண்ட் அடுத்து எங்கே வந்தாலும் எனக்கும் சேர்த்து எழுதிப் போடு. வரிசையில் நிற்க முழங்கால் இடம் கொடுக்கும், மடக்கு நாற்காலி கொண்டுவருகிறேன். உனக்கும் ஒரு ஸ்வெட்டர் கொண்டுவருகிறேன்.

கவர் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. நீ போன் போட்டால் அவள்தான் எடுப்பாள், பார்த்துக்கொள்.

அப்பா